கோடைக் கணினி முகாமுக்குப் பணம் கட்டலாமா? பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

பள்ளி விடுமுறை நெருங்கும்போதே கணினி முகாம்களின் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஐந்து நாளில் வீடியோ கேம் உருவாக்கலாம், பத்து நாளில் செயலி எழுதலாம், இரண்டு வாரத்தில் செயற்கை நுண்ணறிவைக் கற்கலாம் என்கின்றன அவை. கட்டணத்தைப் பார்த்ததும் தயக்கம் வருகிறது. கட்டாமல் விட்டால் நம் பிள்ளை மட்டும் பின்தங்கிவிடுமோ என்ற கவலையும் கூடவே வருகிறது. தயக்கத்துக்கும் கவலைக்கும் நடுவில் நின்று, சேர்க்கைக்கான கடைசித் தேதியன்று அவசரமாக எடுக்கும் முடிவுதான் பெரும்பாலும் பிற்பாடு உறுத்துகிறது.

நான் சில ஆண்டுகள் வார இறுதிகளில் குழந்தைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுத்த தன்னார்வலன். என் மகளை இரண்டு கோடைகளில் இரண்டு வெவ்வேறு முகாம்களுக்கு அனுப்பிய தகப்பனும்கூட. முதல் முகாமில் போட்ட பணம் வீணாயிற்று. இரண்டாவது முகாமின் பலன் இன்றுவரை எங்கள் வீட்டில் தெரிகிறது. இத்தனைக்கும் கட்டணம் அதிகமாக இருந்தது முதல் முகாமில்தான். அந்த அனுபவத்திலிருந்து நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: முகாம் முடிந்த மறுவாரம், யாரும் சொல்லாமல், பிள்ளை தானாகவே உட்கார்ந்து அதைத் தொடருமா? கீழே வரும் படிகள் எல்லாம், பணத்தைக் கட்டுவதற்கு முன்னாலேயே அந்தக் கேள்விக்கு ஓரளவு நம்பகமான விடையைத் தேடிக்கொள்ளும் வழிகள்தாம்.

முதல் படி: எதற்காக அனுப்புகிறோம் என்பதை எழுதிவிடுங்கள்

ஒரு தாளை எடுத்து, பிள்ளையை முகாமுக்கு அனுப்ப நினைப்பதன் உண்மையான காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. ஒருவர் “கோடிங் கற்றுக்கொள்ளட்டும்” என்றும், மற்றவர் “நாம் இருவரும் வேலைக்குப் போகும் நேரத்தில் பாதுகாப்பாக ஓரிடத்தில் இருக்கட்டும்” என்றும் எழுதியிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். இரண்டுமே நியாயமான காரணங்கள்தாம். ஆனால் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு.

பகல் முழுதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதுதான் முதன்மைக் காரணம் என்றால், எப்படியும் குழந்தைப் பராமரிப்புக்குச் செலவாகியிருக்கும் தொகையை முகாம் கட்டணத்திலிருந்து கழித்துவிடலாம். மிச்சமுள்ள தொகைதான் கணினிக் கல்விக்கு நீங்கள் உண்மையில் தரும் விலை. அந்த மிச்சம் சிறியதாக இருந்தால், பாடத்திட்டம் சுமாராக இருந்தாலும் முகாம் நல்ல தேர்வாகவே இருக்கக்கூடும். இப்படிக் கணக்குப் போடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. போடாமல் விட்டால்தான் பராமரிப்புக்குக் கொடுத்த பணத்துக்குக் கல்விப் பலனை எதிர்பார்த்துப் பிள்ளையை நச்சரிக்கத் தொடங்குவோம்.

“மற்றவர்கள் அனுப்புகிறார்கள்” என்பதுதான் காரணம் என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசியுங்கள். ஒன்பது வயதில் ஒரு கோடையைத் தவறவிட்டதால் நிரலாக்கம் கைவராமல் போவதில்லை. பதினெட்டு வயதில், கல்லூரியில் கால் வைத்த பிறகு, முதல் நிரலை எழுதிப் பிற்பாடு மிக நல்ல பொறியாளர்களாக ஆனவர்கள் ஏராளம். பிள்ளைக்கு விருப்பம் இருக்கிறது என்பது அனுப்புவதற்குப் போதுமான காரணம்; நமக்குப் பயமாக இருக்கிறது என்பது போதாது.

இரண்டாம் படி: வீட்டிலேயே இரண்டு வார வெள்ளோட்டம்

இந்த வழிகாட்டியில் வேறு எதைத் தவிர்த்தாலும் இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்கு ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும், பணச்செலவு இல்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்னும் மொழி, முதன்மையாக 8 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டது. கட்டளைகள் வண்ண வண்ணப் பிளாக்குகளாக இருக்கும்; அவற்றை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் ஆகிவிடும். தட்டச்சுப் பிழைக்கு இடமே இல்லை. 5 முதல் 7 வயதுக்காரர்களுக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாவிட்டாலும் பயன்படுத்தும்படி, 2014இல் ஸ்கிராட்ச்ஜூனியர் என்ற எளிய வடிவம் டேப்லெட் செயலியாக வந்தது. இரண்டும் இலவசம். குழந்தைகளுக்கான முகாம்களில் பெரும்பகுதி இவற்றையோ இவற்றைப் போன்ற பிளாக் மொழிகளையோ வைத்துத்தான் நடக்கின்றன என்பதால், முகாமில் பிள்ளை எதைச் செய்யப்போகிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் என்று இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் வேலையாக, திரையில் இருக்கும் பூனையை இடமும் வலமுமாக நடக்கவைக்கச் சொல்லுங்கள். பச்சைக் கொடியை அழுத்தியதும் தொடங்க வேண்டும். 10 அடியாக எடுத்துவைத்து, இடைவிடாமல் நகர வேண்டும். ஓரத்தைத் தொட்டால் திரும்ப வேண்டும். நான்கே பிளாக்குகள். பிள்ளை அவற்றைப் பொருத்திக் கொடியை அழுத்தும். பூனை வலது ஓரம் வரை ஒழுங்காகப் போகும்; ஓரத்தில் மோதித் திரும்பும்போது தலைகீழாகக் கவிழ்ந்து, கால்கள் மேலே இருக்க, இடப்பக்கம் நடந்துவரும்.

அந்தக் கணத்தில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளையின் முகத்தையும் கையையும் மட்டும் கவனியுங்கள். சில குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். சிலர் “அப்பா, இது கெட்டுப்போச்சு” என்று எழுந்துவிடுவார்கள். வேறு சிலர் சிரித்து முடித்ததும் திரையின் மூலை முடுக்கெல்லாம் துழாவி, பூனை எந்தெந்தப் பக்கம் சுழலலாம் என்று தீர்மானிக்கும் அமைப்பைக் கண்டுபிடித்து, இட வலமாக மட்டும் திரும்பும்படி மாற்றிவிடுவார்கள். பத்து நிமிடம் முயன்று முடியாமல், “ஏன் இப்படி ஆகுது?” என்று கேட்கும் பிள்ளையும் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்ததுதான். அந்த “ஏன்” கேட்கும் பிள்ளைக்கு முகாம் பயன்படும். சரியாகச் செய்து முடிப்பதை நான் அளவாக எடுத்துக்கொள்வதில்லை. தவறாகப் போன பிறகு எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

வீடியோ கேம் விளையாடுவதில் ஆர்வம் இருப்பதையும் அதை உருவாக்குவதில் ஆர்வம் இருப்பதையும் நாம் எளிதில் ஒன்றென்று எண்ணிவிடுகிறோம். குழந்தைகளுக்கான முதல் நிரல்மொழியான லோகோவை 1967இல் உருவாக்கியவர்களில் ஒருவரான செய்மோர் பேப்பர்ட், குழந்தைதான் கணினியை இயக்க வேண்டுமே தவிர, கணினி குழந்தையை இயக்கக் கூடாது என்பதை வாழ்நாளெல்லாம் வலியுறுத்தினார். நாள் முழுவதும் விளையாடும் பிள்ளைகளில் சிலர் உருவாக்கும் வேலையில் பதினைந்து நிமிடத்திலேயே சலித்துப்போவதைக் கண்டிருக்கிறேன்; விளையாட்டில் அவ்வளவாக நாட்டமில்லாத, கதை எழுதவும் படம் வரையவும் விரும்பும் குழந்தைகள் ஸ்கிராட்ச்சில் மூழ்கிப்போவதையும் கண்டிருக்கிறேன். என் மகள் இரண்டாவது வகை. அவள் முதலில் செய்தது கேம் அன்று. ஒரு யானையும் ஒரு எறும்பும் சண்டை போட்டுக்கொள்ளும் உரையாடல்.

இரண்டு வாரம் கழித்தும் பிள்ளை தானாகக் கேட்டு உட்காரவில்லை என்றால், இந்தக் கோடையில் பணம் கட்ட வேண்டாம். அடுத்த ஆண்டு மீண்டும் முயன்று பாருங்கள்.

மூன்றாம் படி: கட்டணத்தை மணிக்கணக்காகவும் நிமிடக்கணக்காகவும் உடையுங்கள்

விளம்பரத்தில் இருக்கும் தொகை முழுச் செலவு அல்ல. போக்குவரத்து, மதிய உணவு, முகாம் கேட்கும் தரத்தில் மடிக்கணினி, மென்பொருள் சந்தா, சீருடை, சான்றிதழ்க் கட்டணம், பிள்ளையைக் கொண்டுவிட்டுக் கூட்டிவர நீங்கள் எடுக்கும் விடுப்பு ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். கணினி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமா, முகாமிலேயே தருவார்களா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில நேரங்களில் இந்த ஒரு விஷயமே கணக்கைப் புரட்டிப்போட்டுவிடும்.

இனி மணிக்கணக்கைப் பார்ப்போம். ஐந்து நாள் முகாம், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் மொத்தம் 35 மணி நேரம். உணவுக்கு ஒரு மணி, வெளியே விளையாட ஒரு மணி, சிறு இடைவேளைகள் அரை மணி என்று நாளுக்கு இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் 22½ மணி நேரம் மிஞ்சும். முதல் நாள் கடவுச்சொல் உருவாக்குவதிலும் கணக்குத் திறப்பதிலும், கடைசி நாள் பெற்றோருக்குக் காட்டும் நிகழ்ச்சியிலும் சேர்ந்து நான்கரை மணி நேரம் போய்விடும் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 18. அதில் மூன்றில் ஒரு பங்கு ஆசிரியர் எல்லோருக்கும் பொதுவாக விளக்கும் நேரம் என்றால், பிள்ளை தன் கையால் வேலை செய்வது 12 மணி நேரம்.

இந்த 12 மணி நேரம், அதாவது 720 நிமிடம்தான், ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் வந்து நின்று உதவக்கூடிய நேரம். ஓர் ஆசிரியருக்கு 20 பிள்ளைகள் என்றால் வாரம் முழுவதற்கும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 36 நிமிடம். 12 பிள்ளைகள் என்றால் 60 நிமிடம். 6 பிள்ளைகள் என்றால் 120 நிமிடம். அனுப்ப நினைக்கும் முகாமின் எண்களை இதே முறையில் போட்டு, மொத்தச் செலவை அந்த நிமிடங்களால் வகுத்துப் பாருங்கள். குறைந்த கட்டணம் என்று நினைத்த முகாம் உண்மையில் விலை கூடியதாகவும், விலை கூடியது என்று தள்ளிவைத்த சிறிய முகாம் மலிவானதாகவும் மாறிவிடுவது உண்டு. ஒரு கல்லூரி மாணவரை வீட்டுக்கு வரவழைத்துத் தனியாகச் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் மணிக்கு என்ன ஆகும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள்.

தனிக் கவனம் மட்டுமே முகாமின் மதிப்பு அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். தன்னைப் போலவே இதில் ஆர்வமுள்ள இன்னொரு பிள்ளையைச் சந்திப்பது சில குழந்தைகளுக்குப் பெரிய விஷயம். பள்ளியில் அப்படி யாருமே இல்லாத பிள்ளைக்கு அதுவே எல்லாவற்றையும்விட மேலானது. பக்கத்து இருக்கைக்காரர் செய்வதைப் பார்த்துக் கற்பதற்கு வீட்டில் வழியில்லை. அதனால்தான் இணையவழி முகாமை நேரடி முகாமோடு ஒப்பிடும்போது, கட்டணம் குறைவு என்பதோடு கணக்கை நிறுத்திவிடக் கூடாது.

நான்காம் படி: பாடத்திட்டத்தை வயதோடும் நேரத்தோடும் பொருத்திப் பாருங்கள்

மேலே கண்ட 18 மணி நேரத்தில் எதைக் கற்க முடியும்? எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளை வரிசைமுறை, திரும்பச் செய்தல், நிபந்தனை, எண்ணிக்கையைச் சேமித்துவைக்கும் மாறி ஆகிய நான்கையும் ஓரளவு தன்வசப்படுத்தி, தன் சொந்தக் கற்பனையில் ஒரு சிறிய விளையாட்டைச் செய்யலாம். இதுவே பெரிய காரியம். ஸ்கிராட்ச் மேடையின் நடுப்புள்ளி பூஜ்யம், இடது ஓரம் கழித்தல் 240, வலது ஓரம் கூட்டல் 240 என்பதால், பள்ளியில் இன்னும் எதிர்ம எண்களுக்கு வராத பிள்ளைகள்கூடப் பூனையை இடப்பக்கம் அனுப்ப வேண்டிய தேவையினாலேயே அவற்றைப் புரிந்துகொள்கிறார்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், தட்டச்சுக்குப் பழகிய பிள்ளை, 1991இல் வெளியான பைத்தான் மொழியைத் தொடங்கலாம். பேப்பர்ட்டின் லோகோவில், கட்டளைப்படி திரையில் நகர்ந்து கோடு வரைந்த ஆமை உருவம் பைத்தானுக்குள்ளும் ஒரு தொகுப்பாகவே வருகிறது. அதைக் கொண்டு சதுரமும் நட்சத்திரமும் வரையவைக்கும் ஆசிரியர் விஷயம் தெரிந்தவர் என்று நான் கொஞ்சம் நம்பிக்கை கொள்வேன். ஆனால் பைத்தான், இணையத்தள வடிவமைப்பு, ரோபோ, முப்பரிமாண விளையாட்டு, செயற்கை நுண்ணறிவு என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அடுக்கும் பாடத்திட்டத்தைப் பார்த்தால் விலகிவிடுங்கள். அங்கே பிள்ளை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கும். எதிலும் தடுமாறித் தானாக மீண்டுவரும் அளவுக்கு நேரம் இருக்காது.

‘செயற்கை நுண்ணறிவு முகாம்’ என்ற பெயருக்கு இப்போது மவுசு அதிகம் என்பதால் ஒரு வார்த்தை. கூகுள் 2017இல் வெளியிட்ட டீச்சபிள் மெஷின் என்ற இலவசக் கருவியில், கணினியின் கேமரா முன் கட்டைவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டி, இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கக் கணினிக்குப் பயிற்சி தர ஒரு சில நிமிடம் போதும். குழந்தைகளுக்கு அது நல்ல அறிமுகம்தான். ஆனால் ஒரு வார முகாமின் சாரமே அதுவாக இருந்தால், அதற்குக் கட்டணம் தேவையில்லை. “பயிற்சிக்கு எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறீர்கள்? கணினி தவறாகக் கணிக்கும்போது ஏன் என்று பிள்ளைகளோடு பேசுவீர்களா?” என்று கேளுங்கள்.

கால அளவு பற்றியும் யோசிக்க வேண்டும். கற்றது எவ்வளவு விரைவாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். ஒரே மூச்சில் கற்பதைவிட இடைவெளி விட்டுக் கற்பது நிலைக்கும் என்பதும் அவருடைய சோதனைகளில் தெரிந்தது. இந்தக் கோணத்தில் பார்த்தால், வாரம் ஒரு மணி வீதம் பதினெட்டு வாரம் நடக்கும் வகுப்பு, ஒரே வாரத்தில் பதினெட்டு மணி நேரத்தைத் திணிக்கும் முகாமைவிட ஆழமாகப் பதியும். முகாமின் பலம் வேறு: இடையூறில்லாமல் ஒரு வேலையில் மூழ்கும் அனுபவம். அந்த மூழ்கலுக்குப் பிறகு வாரந்தோறும் ஏதேனும் தொடர்ச்சி இருந்தால் மட்டுமே முகாமில் கற்றது தங்கும்.

ஐந்தாம் படி: முகாம் நடத்துபவரிடம் நேரில் பேசுங்கள்

என் மகள் போன முதல் முகாமின் கடைசி நாள் விழா பிரமாதமாக இருந்தது. பெரிய திரையில் ஒவ்வொரு பிள்ளையின் முப்பரிமாண விளையாட்டும் ஓடியது, நாங்கள் கைதட்டினோம். நான்காவது பிள்ளையின் விளையாட்டு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது: எல்லாமே ஒரே விளையாட்டு. வானத்தின் நிறமும் பாத்திரத்தின் சட்டையும் மட்டும் மாறியிருந்தன. வீட்டுக்கு வந்து மகள் அதைத் திறக்க முயன்றபோது திறக்கவில்லை. மென்பொருளின் உரிமம் முகாம் நாள்களுக்கு மட்டுமே வாங்கப்பட்டிருந்தது. “எனக்கு அதை மாற்றணும்ப்பா, அந்தக் கதவு திறக்கிற மாதிரி செய்யணும்” என்று அவள் இரண்டு நாள் கேட்டுவிட்டுப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். பணம் போனதைவிட அவள் கேட்பதை நிறுத்தியதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் நான் இப்போது யார் கேட்டாலும் சொல்லும் முதல் கேள்வி இதுதான்: பிள்ளை செய்ததை வீட்டில் திறந்து மாற்ற முடியுமா? எந்த மென்பொருள், இலவசமா, உரிமம் எத்தனை நாள், கோப்பு யாருடைய கணக்கில் இருக்கும், கடவுச்சொல் எங்களிடம் தருவீர்களா என்று துருவிக் கேளுங்கள். ரோபோ முகாம் என்றால், கடைசி நாள் ரோபோவைக் கழற்றிப் பெட்டியில் போட்டு அடுத்த அணிக்கு வைத்துக்கொள்வார்களா, பிள்ளை எடுத்து வரலாமா என்று கேளுங்கள்.

இரண்டாவது, சொல்லிக்கொடுப்பவர் யார் என்பது. விளம்பரத்தில் படம் போட்டிருக்கும் நிறுவனர் வகுப்புக்கு வருவதில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கப்போகும் நபரின் அனுபவம் என்ன? பெரிய பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. நிரலாக்கம் தெரிந்த, குழந்தைகளிடம் பொறுமையுள்ள கல்லூரி மாணவர் பல நேரங்களில் மிகச் சிறந்த ஆசிரியராக இருப்பார். அவரிடமே, “பிள்ளை மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். “உடனே வந்து சரிசெய்துவிடுவோம்” என்பது ஆபத்தான பதில். ஆசிரியரின் கை பிள்ளையின் மவுஸின் மேல் போகிற வகுப்பில் பிள்ளை வேடிக்கைதான் பார்க்கும். என் மகளின் இரண்டாவது முகாமில் ஆசிரியை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, “பூனை என்ன செய்யணும்னு நினைச்ச? இப்ப என்ன செய்யுது?” என்ற இரண்டு கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் பணம் கட்டியது அந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் என்று பிற்பாடு புரிந்தது.

முடிந்தால், ஏற்கெனவே அங்கே படித்த ஒரு பிள்ளையின் திட்டத்தைக் காட்டச் சொல்லி, அந்தப் பிள்ளையிடமே ஒரு சின்ன மாற்றம் கேட்டுப் பாருங்கள்: “இந்தப் பூனையை இரண்டு மடங்கு வேகமாக ஓடவைக்க முடியுமா?” நான் ஒருமுறை இதைக் கேட்டபோது, ஒரு பையன் உடனே ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தான். இன்னொரு முகாமில், ஒரு சிறுமி எதுவும் பேசாமல் 10 என்ற எண்ணை 20 ஆக்கிவிட்டு, “இன்னும் வேகமா வேணுமா அங்கிள்?” என்று கேட்டாள். எந்த முகாமில் கற்றல் நடக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை.

பாதுகாப்பு பற்றிய கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: பணியாளர்களின் பின்னணி சரிபார்க்கப்பட்டதா, எந்த நேரமும் ஒன்றுக்கு மேற்பட்ட பெரியவர்கள் அறையில் இருப்பார்களா, இணையத்தில் தேவையற்றவை தடுக்கப்பட்டிருக்கின்றனவா, பிள்ளையின் படத்தை உங்கள் அனுமதியின்றி விளம்பரத்தில் போடுவார்களா, யாரிடம் பிள்ளையை ஒப்படைப்பார்கள். பெண் பிள்ளையை அனுப்புவதானால் வகுப்பில் எத்தனை பெண் பிள்ளைகள் என்று கேட்பதும் நல்லது. இருபது பையன்களுக்கு நடுவே ஒருத்தியாக உட்காரும் குழந்தை பாடத்தால் சலிக்காவிட்டாலும் அந்தத் தனிமையால் நின்றுவிடக்கூடும். பணத்தைத் திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: அதே பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும்?

தாளின் மறுபக்கத்தில் மாற்று வழிகளை எழுதுங்கள். 2011இல் அயர்லாந்தில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய கோடர்டோஜோவும், 2012இல் பிரிட்டனில் தொடங்கிய கோட் கிளப்பும் தன்னார்வலர்களால் நடத்தப்படும் இலவச மன்றங்கள். உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றோ, நூலகத்தில் நடக்கும் வகுப்போ இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் கணினியே இல்லை, அல்லது இருக்கும் ஒரே கணினி பெரியவர்களின் அலுவலக வேலைக்கே போதவில்லை என்றால், முகாமுக்கு முன்னால் கணினியைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயன்படுத்திய பழைய மடிக்கணினிகூட ஸ்கிராட்ச்சுக்கும் பைத்தானுக்கும் போதும். ஒரு வாரம் மட்டும் கணினியைத் தொட்டுவிட்டு வீட்டில் தொடர வழியில்லாத பிள்ளையிடம், மறுவாரம் தானாகத் தொடருமா என்று கேட்பதில் அர்த்தமில்லை. மின்னணுவியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு, 2016இல் பிரிட்டனின் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட மைக்ரோபிட் என்ற சிறிய பலகை நல்ல துணை: 25 சிவப்பு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவை உணரும் கருவி. அசைத்தால் பகடை எண் காட்டும்படி நிரல் எழுதிய பிள்ளை, மறுநாளே தாயக்கட்டையை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு இதை வைத்துத்தான் ஆட வேண்டும் என்று வீட்டையே கட்டாயப்படுத்தும்.

இந்த மாற்று வழிகளுக்கெல்லாம் பணம் குறைவாகவே தேவை. ஆனால் உங்கள் நேரம் தேவை. வாரத்தில் இரண்டு மாலை பிள்ளையோடு உட்கார முடியாத சூழலில் இருப்பவர்களுக்கு முகாம் கட்டணம் அந்த நேரத்தின் விலை. அதைக் குற்ற உணர்வோடு பார்க்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: முடிவெடுங்கள்

வெள்ளோட்டத்தில் பிள்ளை தானாகக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது கேட்கும் “ஏன்”களுக்கு விடை சொல்ல வீட்டில் ஆள் இல்லாமலோ நேரம் இல்லாமலோ இருக்க வேண்டும். செய்ததை வீட்டில் திறந்து தொடர முடியும் என்று முகாம் உறுதி சொல்லியிருக்க வேண்டும். ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் போகக் கூடாது. இந்த நான்கும் சேர்ந்தால் கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கட்டலாம் என்பேன். மூன்று இருந்தால் பேரம் பேசிப் பாருங்கள். உதவித்தொகை, உடன்பிறந்தோர் சலுகை, அரைநாள் வகுப்பு ஆகியவை கேட்டால்தான் கிடைக்கும். கடன் வாங்கியோ குடும்பத்தின் அவசரச் சேமிப்பிலிருந்தோ கட்ட வேண்டியிருந்தால், நான்குமே இருந்தாலும் வேண்டாம். எந்த முகாமும் அந்த நெருக்கடிக்கு ஈடாகாது. பிள்ளையும் அந்தச் செலவின் பாரத்தை எப்படியோ உணர்ந்துவிடும்.

பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

எட்டாம் படி: முகாம் முடிந்த நான்கு வாரம்

சேர்த்துவிட்டால், முகாம் தொடங்குவதற்கு முன்பே அது முடிந்த பிறகான நான்கு வாரத்துக்கு, வாரம் ஒரு மணி நேரத்தை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். முதல் வாரம் பிள்ளை தான் செய்ததை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். மவுஸ் உங்கள் கையில், ஆசிரியர் நாற்காலி பிள்ளைக்கு. நீங்கள் தவறு செய்யும்போது பிள்ளை எப்படி விளக்குகிறது என்பதில், அது கற்றது அத்தனையும் தெரிந்துவிடும். இரண்டாவது வாரம், “உன் விளையாட்டில் பாட்டியால் ஜெயிக்கவே முடியவில்லை, அவருக்காகக் கொஞ்சம் எளிதாக்கித் தருகிறாயா?” என்பது போன்ற ஒரு உண்மையான வேண்டுகோளை வையுங்கள். அதன் பிறகு நீங்களாக எதுவும் சொல்லாமல் இருங்கள்.

ஒரு மாதம் முடிந்ததும், அநேகமாக, அடுத்த நிலைக்கு இப்போதே பதிவு செய்தால் தள்ளுபடி என்று முகாமிலிருந்து செய்தி வந்திருக்கும். பதில் எழுதுவதற்கு முன், பிள்ளை தூங்கிய பிறகு கணினியைத் திறந்து, அதன் திட்டங்கள் இருக்கும் கோப்புறைக்குப் போங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே அது கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி இருக்கும். அந்தத் தேதிகள் முகாமின் கடைசி நாளோடு நின்றிருந்தால் தள்ளுபடியை விட்டுவிடலாம். போன வாரத்துத் தேதி ஏதேனும் தெரிந்தால், அந்தக் கோப்பைத் திறந்து, பிள்ளை யாருக்கும் சொல்லாமல் எதைச் சேர்த்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்து அதற்கு எது தேவை, முகாமா, ஒரு புத்தகமா, உங்கள் கூடுதலான ஒரு மணி நேரமா என்பது அங்கிருந்தே தெரியவரும்.